மணி அடித்தும் பேச்சு நிற்கவில்லையா? கருத்தரங்க நேரத்தைச் சரிசெய்யும் வழிமுறை

கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் கருத்தரங்கம். அழைப்பிதழில் தொடக்க விழா 9.30, முதல் அமர்வு 10.30. முதல் கட்டுரையாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 11.40. அங்கிருந்து மாலை வரை எல்லோரும் கடிகாரத்தைத் துரத்துகிறார்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போகிறது. கடைசியில், விடியற்காலையில் பஸ் ஏறி வெளியூரிலிருந்து வந்த முனைவர் பட்ட மாணவியைப் பார்த்து, "ரெண்டே நிமிஷம்மா, சுருக்கமாச் சொல்லிடுங்க" என்கிறார்கள். இப்படிப்பட்ட அரங்குகளுக்குப் போய்வருகிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

இதற்குப் பேச்சாளரைத் திட்டுவது வழக்கம். என் அனுபவத்தில் கோளாறின் பெரும்பகுதி மேடையில் இல்லை. நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்த அன்றே அது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மிச்சம், நேரம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதைப் பேச்சாளரிடம் யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்காததால் வருவது. உங்கள் அரங்கில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்பைப் பிடித்துப் படியுங்கள். அந்த நிமிடத்தில் செய்யக்கூடியதும் அடுத்த முறைக்குச் செய்ய வேண்டியதும் வேறு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு மணி நேரம் போய்விட்டது

மேடையில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரையும் பட்டம், பதவி, அடைமொழியோடு "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிக்க ஒன்றரை நிமிடம். எட்டுப் பேருக்கு 12 நிமிடம். பொன்னாடை, புத்தகம், நினைவுப்பரிசு, போட்டோகிராபருக்காக இன்னொரு முறை திரும்பி நிற்பது என்று ஆளுக்கு இன்னொரு ஒன்றரை நிமிடம். அதில் ஒரு 12. ஆக 24 நிமிடம் ஆகிவிட்டது, கருத்தரங்கப் பொருளைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிரலைப் பாருங்கள்: வரவேற்புரை 5, தலைமையுரை 10, வாழ்த்துரை 5, 5, 5. அந்த 24 நிமிடத்துக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

அடுத்த முறை, பேசுவதற்கு மட்டுமல்லாமல் நடப்பதற்கும் போர்த்துவதற்கும் சேர்த்து நிமிடம் போடுங்கள். போட்டுப் பார்த்தாலே வாழ்த்துரையில் இரண்டு பேரைக் குறைக்கலாமா என்ற எண்ணம் தானாக வரும். பொன்னாடையை முதல்வர் அறையில் காபி கொடுக்கும்போதே போர்த்திப் படம் எடுத்துவிடலாம். படம் நாளிதழுக்குப் போக வேண்டும், பின்னால் பேனர் தெரிய வேண்டும் என்பார்கள். சரி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏழெட்டு மாணவர்கள் போய்ப் போர்த்தட்டும். ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

விளிப்பு கொஞ்சம் சிக்கலானது. யாரும் தனியாக அதைக் குறைக்க முடியாது. முந்தைய ஆள் முழுப் பட்டியலையும் வாசித்திருக்க, நாம் மட்டும் சுருக்கினால் விடுபட்டவர் முகம் சுருங்கும். ஆகவே இதை மேலிருந்துதான் தொடங்க வேண்டும். தொகுப்பாளர் ஒரே முறை எல்லோரையும் முழு மரியாதையோடு அறிமுகம் செய்யட்டும். பிறகு முதலில் பேசுகிற முதல்வரோ தாளாளரோ "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று மட்டும் சொல்லித் தொடங்கட்டும். இதை முந்தைய நாளே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அப்படித் தொடங்கிவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்துவிடும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, அதை 55 விநாடியில் பாடவேண்டும் என்கிறது. அன்றைய நிரலில் விநாடிக்கணக்கில் அளவு குறித்த உருப்படி அநேகமாக அது ஒன்றுதான். அது சரியாக முடிந்தும் விடுகிறது.

சிறப்பு விருந்தினர் வரவில்லை, வழியில் இருக்கிறார், "பைபாஸ் வந்துட்டாராம்" என்று ஒருவர் போனோடு ஓடி வருகிறார் என்றால், காத்திருக்காதீர்கள். முதல் அமர்வைத் தொடங்குங்கள். விருந்தினர் வந்ததும், அப்போது பேசுகிற கட்டுரையாளர் முடித்த பிறகு விழாவை நடத்தலாம். காலி மேடைக்கு முன்னால் 200 மாணவர்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதைவிட, அரங்கம் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி நுழைவது விருந்தினருக்கும் கௌரவம். அரசியல் பிரமுகரை அழைத்திருந்தால் விழாவைக் காலையில் வைக்கவே வேண்டாம். அவருக்கு அன்று காலை இன்னும் இரண்டு திறப்பு விழாவும் ஒரு கல்யாணமும் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு வையுங்கள்.

ஒவ்வொரு அமர்வும் தவறாமல் அரை மணி நேரம் நீள்கிறது

எல்லா அமர்வும் நீள்கிறது என்றால் பேச்சாளர்களை விட்டுவிடுங்கள், கணக்கைப் பாருங்கள். 90 நிமிட அமர்வில் 10 கட்டுரை போட்டிருப்பீர்கள். ஆளுக்கு 9 நிமிடம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறி மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போனால் 8. கேள்விக்கு நேரமே இல்லை, அமர்வுத் தலைவர் பேசவும் இடமில்லை. அழைப்புக் கடிதத்திலோ "15 நிமிடம்" என்று இருக்கிறது. இந்த அமர்வு எப்படி நேரத்துக்கு முடியும்?

அதே 90 நிமிடத்தில் 6 கட்டுரை வையுங்கள். ஆளுக்கு 10 நிமிடம் என்று 60, ஏறி இறங்க 6, கேள்விக்கு 18, தலைவருக்கு 4. மொத்தம் 88. மீதி இரண்டு நிமிடத்துக்கு எப்படியும் செலவு வரும்.

"அப்படியென்றால் மீதிக் கட்டுரைகளை என்ன செய்வது?" நியாயமான கேள்விதான். கட்டணம் வாங்கியாயிற்று, ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண் போட்ட தொகுப்பு அச்சாகிவிட்டது, எல்லோருக்கும் "கட்டுரை வழங்கினார்" என்ற சான்றிதழ் வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி ஆஸ்திரேலியாவில் பிறந்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடிக்க வீடுகளில் குளியலறைச் சுவரில் சிறிய மணல் கடிகாரத்தை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு யோசனை வந்தது. முனைவர் பட்ட மாணவர் தன் முழு ஆய்வையும் மூன்று நிமிடத்தில், அசையாத ஒரே ஒரு ஸ்லைடை வைத்துச் சொல்ல வேண்டும் என்று 2008இல் போட்டி வைத்தார்கள். இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது நடக்கிறது. நாமும் அப்படி ஒரு மூன்று நிமிட அமர்வு வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் 15 பேர் தாராளமாகப் பேசி முடிப்பார்கள். வரிசையில் அடுத்தவர் மேடை ஓரத்தில் தயாராக நிற்கவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பத்து நிமிடம் கேட்டுவிட்டு மூன்றுக்குக் குறைக்கப்படுவதுதான் அவமானம். மூன்று நிமிடம் என்று முதலிலேயே சொன்னால் அதற்கேற்பத் தயாரித்து வருவார்கள்.

எட்டாவது நிமிடம் ஆகியும் முன்னுரை ஓடுகிறது

கட்டுரையைத் தொகுப்பில் இருக்கிறபடியே வரி விடாமல் வாசிக்கிறார் என்று பொருள். முன்னுரை, ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, நூலாசிரியர் வரலாறு. கண்டுபிடித்தது என்னவோ அது ஆறாம் பக்கத்தில் இருக்கிறது, அங்கே அவர் வந்து சேரவே போவதில்லை.

தமிழ்க் கட்டுரையை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டித்தான் போகும். ஒரு ஏ4 பக்கத்துக்கு மூன்று நிமிடத்தை எடுத்துவையுங்கள். பத்து நிமிடம் என்றால் மூன்று பக்கம். இதைக் கடிதத்தில் எழுதுங்கள். "10 நிமிடம்" என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது; "மூன்று பக்கத்துக்கு மேல் வாசிக்க நேரம் இருக்காது, எந்த மூன்று என்று நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள்" என்று எழுதினால் குறித்துக்கொண்டு வருவார்கள்.

அரங்கில் நடந்துவிட்டால் அமர்வுத் தலைவர் ஆறாம் நிமிடத்திலேயே தலையிட வேண்டும். பத்தாம் நிமிடத்தில் தலையிட்டுப் பயனில்லை. அப்போது அவர் பதறிப்போய் மீதிப் பக்கங்களை இரண்டு மடங்கு வேகத்தில் வாசிப்பார், ஒரு வார்த்தையும் புரியாது. ஆறாம் நிமிடத்தில், பத்தி முடிகிற இடத்தில், "அம்மா, நூலாசிரியர் அறிமுகம் தொகுப்பிலேயே இருக்கு, படிச்சுக்கிறோம். நீங்க கண்டுபிடிச்சதைச் சொல்லுங்க, அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கோம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது நிம்மதியாகவே இருக்கும். தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் பேச ஆரம்பிப்பார்கள், அப்போதுதான் அவர்கள் ஆய்வு நமக்குப் புரியும்.

துண்டுச் சீட்டு போயும் பலன் இல்லை

நம் மேடைகளின் நிரந்தரக் காட்சி இது. ஒருங்கிணைப்பாளர் பேனாவைத் தேடி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்து ஒரு மாணவனிடம் கொடுக்கிறார். அவன் குனிந்தபடியே மேடையேறி, தண்ணீர் வைக்கிற பாவனையில் சீட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறான். பேச்சாளர் பிரித்துப் பார்க்கிறார், சிரிக்கிறார், "சீட்டு வந்துவிட்டது! நேரத்தின் அருமை கருதி..." என்கிறார். அவை கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் தந்த தெம்பில் இன்னும் பதினைந்து நிமிடம் பேசுகிறார்.

சீட்டு ஏன் தோற்கிறது என்றால், அது எப்போதும் நேரம் கடந்த பிறகே போகிறது. அதோடு, கையில் வந்ததும் பேச்சாளருக்கு அது ஒரு நகைச்சுவைப் பொருளாகவும் ஆகிவிடுகிறது. எத்தனை நிமிடம் மிச்சம் என்பதை அது சொல்வதில்லை, "போதும்" என்று மட்டும் சொல்கிறது. போதும் என்று எழுத்தில் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மணி இதைவிட மேல். பட்டிமன்றத்தில் நடுவர் மேசையில் மணி இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் மணி எச்சரிக்கை, இரண்டாம் மணி முடிவு என்று சிறு வயதிலேயே பழகியிருக்கிறோம். ஆனால் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு மணி அடிக்க எந்த மாணவனுக்கும் கை வராது. அதனால் மணியைத் தலைவரிடமே கொடுங்கள். இன்னொன்று, முதல் பேச்சாளருக்குக் கட்டாயம் அடிக்க வேண்டும். முதல் ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான்காவது ஆளுக்கு அடித்தால் அது அந்த ஆளின் மேல் உள்ள பகை என்றே நினைப்பார்.

நான் அதிகம் நம்புவது அட்டையை. கெட்டியான சார்ட் தாளை ஏ4 அளவில் வெட்டி, குறுக்குவாட்டில், தடித்த மார்க்கரால் எண் மட்டும் எழுதுங்கள்: 5, 2, 1. கடைசி அட்டை சிவப்பு, அதில் எழுத்தே வேண்டாம். பிடிக்கிறவர் முதல் வரிசையில் நடுவில், பேச்சாளர் சாதாரணமாகப் பார்க்கிற இடத்திலேயே உட்கார வேண்டும். ஓரத்தில் உட்காரவைத்தால் அட்டை இருப்பதே தெரியாது. அவர் பேச்சாளரின் மாணவராக இருக்கக்கூடாது. அட்டையைத் தூக்கினால் பேச்சாளர் தலையசைக்கும்வரை இறக்கக்கூடாது. தலையசைத்துவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது, பிறகு "கவனிக்கவில்லை" என்று சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சி மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர் முன்னால் உள்ள மேசையில், ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளை விளக்கு எரியும், முடிந்ததும் சிவப்பு. அங்கே யாரும் அதைத் தனக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லோருக்கும் ஒரே விளக்கு, அவ்வளவுதான்.

சீட்டை விட மனம் வராவிட்டால் அதன் நேரத்தை மாற்றுங்கள். பேச்சாளர் மேடையேறும்போதே, முடிய வேண்டிய மணியை ஒரு சீட்டில் எழுதிப் போடியத்தில் வையுங்கள்: "11.52". எத்தனை நிமிடம் என்று எழுதினால் தொடங்கிய நேரத்தை நினைவில் வைத்து அவர் கூட்டிப் பார்க்க வேண்டும். முடியும் மணியை எழுதினால் கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

"இறுதியாக" என்று மூன்றாவது முறை சொல்லிவிட்டார்

இவருக்கு நேரம் தெரியாமல் இல்லை, முடிக்கத் தெரியவில்லை. கடைசி வாக்கியம் கையில் இல்லாததால் ஒவ்வொரு "இறுதியாக"வுக்குப் பிறகும் புதிதாக ஒன்று ஞாபகம் வருகிறது. பாரதியார் வரி ஒன்று, ஒரு குறள், ஒரு சிறுகதை, மறுபடியும் "முடிவாக ஒன்று".

தலைவர் செய்ய வேண்டியது, ஒரு மேற்கோள் முடிந்து அவையில் லேசாகச் சலசலப்போ சிரிப்போ எழும் அந்தக் கணத்தில் எழுந்து நின்று தாமே கைதட்டத் தொடங்குவது. அவை தொடரும். பேச்சாளரும் அந்தக் கைதட்டலோடு நல்ல பெயர் வாங்கி இறங்குவார். இதில் தந்திரம் கொஞ்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் யாருக்கும் மனம் நோகாது. மைக்கை அணைக்கச் சொல்வதைப்போல மோசமான வழி வேறில்லை. வகுப்பறையில் முப்பது வருடம் பேசிய தொண்டை அது, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அதோடு அவையும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

புதிதாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு சொல்: கடைசி இரண்டு வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் சிவப்பு அட்டை வந்ததும் அதை எடுத்து வாசித்துவிட்டு இறங்கலாம்.

பேசுபவர் பெரியவர், நிறுத்தச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. ஐ.நா. பொதுச் சபையின் ஆண்டு விவாதத்தில் தலைவர்கள் 15 நிமிடத்தில் முடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கட்டாயம் கிடையாது, பலர் தாண்டிவிடுகிறார்கள். அதே சபையில் 1960 செப்டம்பரில் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ 269 நிமிடம் பேசினார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1957 ஜனவரியில், பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் குறித்து நம் வி.கே. கிருஷ்ண மேனன் இரண்டு நாளில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசினார். உலக அவையிலேயே இப்படி என்றால், துறைத் தலைவர் ஒருவர் தன் ஆய்வு நெறியாளருக்குச் சீட்டு அனுப்பத் தயங்குவதில் வியப்பென்ன?

மேடையில் இதற்குத் தீர்வு கிடையாது, நிரலில்தான் உண்டு. முதலாவது, அவருக்கு உண்மையான நேரம் கொடுங்கள். நாற்பது நிமிடம் பேசுவார் என்று ஊருக்கே தெரிந்த ஒருவருக்கு 15 என்று அச்சடித்தால் அது நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வது. இரண்டாவது, அவருக்குப் பின்னால் இளையவர்களை வைக்காதீர்கள். அவரை மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசி ஆளாக வைத்தால் பசி பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். நீண்டாலும் கட்டுரையாளர் யார் நேரமும் பறிபோகாது. மூன்றாவது, தலைவராக அவரைவிட மூத்தவரை, அல்லது அவருடைய வகுப்புத் தோழரைப் போடுங்கள். "ஏம்ப்பா, போதும், சாப்பிடப் போவோம்" என்று உரிமையோடு சொல்ல அவரால் முடியும்.

அவருக்குப் பின்னால் இளையவர்களை வைக்காமல் முடியவில்லை என்றால், அழைக்கும்போது நேரத்தைக் கடிதத்தில் எழுதுவதோடு நிற்காமல் நேரிலோ போனிலோ காரணத்தோடு சொல்லுங்கள்: "ஐயா, உங்களுக்கு 11.10லிருந்து 11.50 வரை. 11.50க்கு நம்ம முனைவர் பட்டப் பிள்ளைங்க நாலு பேர் முதல் தடவையா மேடை ஏறுறாங்க." நேரத்தைத் தாண்டினால் அது யாருடைய நேரம் என்று தெரிந்துவிட்டால், பெரியவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே முடித்துக்கொள்வார்கள். டெட் (TED) என்ற உரை அரங்கின் மேடையில் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் 18 நிமிடத்துக்குள்தான் என்பது எழுதப்பட்ட வழக்கம். வருகிறவருக்கு அது முன்பே தெரியும், அதனால் யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை.

ஒவ்வொருவர் மாறும்போதும் கணினியோடு ஐந்து நிமிடம் போராட்டம்

பென் டிரைவ் திறக்கவில்லை, கோப்பு வேறு பதிப்பு, புரொஜெக்டரில் படம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துரு. அவர் வீட்டுக் கணினியில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த ஸ்லைடு இங்கே திறந்ததும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தருகிறது.

எல்லாக் கோப்புகளையும் முந்தைய நாள் மாலைக்குள் பிடிஎஃப் வடிவில் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே சேர்ந்து வரும், எந்தக் கணினியிலும் சிதறாது. ஒரே மடிக்கணினி, அதில் பேசும் வரிசைப்படி 01, 02 என்று பெயர் மாற்றிய கோப்புகள். அவரவர் மடிக்கணினியை மாற்றி மாற்றிச் சொருகுவதை அனுமதிக்கவே வேண்டாம். இதைச் செய்துவிட்டால் இந்தக் கோளாறு அநேகமாக ஒழிந்துவிடும்.

ஒழியாத நாளில், போன நேரம் யாருடையது? பழைய ஏதென்ஸ் நீதிமன்றங்களில் தண்ணீர் ஒழுகும் பானையை வைத்துத்தான் வாதத்துக்கு நேரம் அளந்தார்கள். சட்டத்தையோ சாட்சியத்தையோ எழுத்தர் வாசிக்கும்போது, அது வாதியின் பேச்சு அல்ல என்பதால் துளையை அடைத்துவைப்பார்களாம். அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும். புரொஜெக்டர் நம்முடையது, கெட்டால் கடிகாரத்தை நிறுத்துங்கள். சொல்லியும் பிடிஎஃப் அனுப்பாமல் வந்தவருக்குக் கடிகாரம் ஓடட்டும்.

கேள்வி நேரத்தில் இன்னொரு உரை நடக்கிறது

"கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து" என்று எழுந்தவர் தான் 1987இல் எழுதிய கட்டுரையைச் சொல்லத் தொடங்குகிறார். மைக் அவர் கையில் இருக்கும்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள். தன்னார்வலர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நீளும்போது மெல்லத் தலைவர் முகத்தைப் பார்க்கட்டும். அமர்வின் எல்லாக் கட்டுரைகளும் முடிந்த பிறகே கேள்வி என்று வைத்தால் இன்னும் நல்லது. மூன்று கேள்வியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு பதில் சொல்லவிட்டால், ஒருவரோடு ஒருவர் தனியாக விவாதம் கட்டிக்கொள்வதும் குறையும்.

தலைவரே நேரத்தைத் தின்கிறார்

ஒவ்வொரு கட்டுரைக்குப் பிறகும் அதையே இரண்டு நிமிடம் சுருக்கிச் சொல்கிறார். ஆறு கட்டுரைக்கு 12 நிமிடம், அதாவது ஒரு முழுக் கட்டுரை. இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை, ஏனென்றால் நேரம் பார்க்கிற பொறுப்பே அவருடையது. அமர்வுக்கு முன் நிரலைக் கொடுக்கும்போது, "தொகுப்புரை கடைசியில் 4 நிமிடம்" என்று அச்சிட்டே கொடுத்துவிடுங்கள். அட்டை பிடிக்கிற பிள்ளை அவருக்கும் அட்டை பிடிக்கட்டும்.

இணையவழி அரங்கில் நீள்கிறது

சுருக்கமாக: ஒலியை அணைக்கிற பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக அமுக்காதீர்கள். பேச்சாளர் தன் ஒலி அணைக்கப்பட்டது தெரியாமல் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்ப்பது பெரிய அவமானம். திரையைப் பகிர்ந்திருக்கும்போது பலருக்கு அரட்டைப் பெட்டி தெரியாது. அங்கே எழுதிப் பயனில்லை. தலைவர் தன் கேமராவை ஆன் செய்து, ஒலியைத் திறந்து, "ஐயா, ஒரு நிமிடம் இருக்கு" என்று வாயால் சொல்வதுதான் வேலைக்கு ஆகும்.

எல்லாம் செய்தும் நாற்பது நிமிடம் பின்தங்கிவிட்டது

இப்போது பெரும்பாலும் நடப்பது, கடைசி நான்கு பேரிடமிருந்து அந்த நாற்பதையும் பிடுங்குவது. அவர்கள் மிக இளையவர்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள், அதனால்தான் கடைசியில் வைக்கப்பட்டார்கள். ஒரு கட்டுரையாளரின் நேரத்தில் கைவைப்பதற்கு முன் வேறு எங்கெல்லாம் எடுக்கலாம் என்று பாருங்கள்.

தேநீரை இருக்கைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், பதினைந்து நிமிடம் கிடைக்கும். நிறைவு விழாவில் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுப்பதை விட்டுவிட்டு, வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தால் இன்னொரு இருபது நிமிடம். நன்றியுரையில் பந்தல் போட்டவர் முதல் தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் வரை அத்தனை பெயரும் வருவது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியலைத் திரையில் ஓடவிட்டு, வாயால் இரண்டு வாக்கியம் சொல்லலாம். இதற்குப் பிறகும் பற்றாக்குறை என்றால் மீதியிருக்கிற எல்லோரிடமும் சமமாக, இன்னும் யாரும் மேடையேறாதபோதே, "ஆளுக்கு எட்டு நிமிடம்" என்று அறிவியுங்கள். எட்டு என்று முன்பே தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பேனா எடுத்து இரண்டு பத்தியை அடித்துவிடுவார்கள்.

ஒரு கட்டுரையாளர் வரவில்லை என்றால் அந்தப் பத்து நிமிடத்தை உடனே அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். பின்தங்கல் இருந்தால் அதில் கழித்துக்கொள்ளுங்கள். பின்தங்கல் இல்லை, பக்கத்து அறையிலும் அமர்வு நடக்கிறது என்றால் அந்த இடைவெளியைக் கேள்விக்கு விடுங்கள். நிரலைப் பார்த்து 2.40 கட்டுரைக்கென்றே அந்த அறையிலிருந்து எழுந்து வருகிறவர் 2.40க்குத்தான் வருவார்.